இரண்டாம் பாகத்திலிருந்து நான் வெட்டிய நாலு நிமிடம்

இப்போது தியேட்டர் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்குப் படம் பெட்டியில் வருவதில்லை. எங்கிருந்தோ இறங்குகிறது, ரகசிய எண்ணை அடித்தால் ஓடுகிறது. அதில் ஒரு நொடியைக்கூட உங்களால் எடுக்க முடியாது. சிவகாசியில் நான் மேனேஜராக இருந்த தியேட்டரில் அப்படி இல்லை. ரீல் எங்கள் கையில் இருந்தது, கத்தரிக்கோலும் எங்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் நான் செய்த ஒரு தப்பையும், அதைச் சரிக்கட்ட நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்கிறேன். முதலாவது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவதைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு திருட்டுக் காமெடிப் படம் வந்தது. பெயர் வேண்டாம். வேலை போன மூன்று பேர், ஒரு தையல்காரர், ஒரு மளிகைக் கடைக் கணக்கர், ஒரு கம்பவுண்டர், கல்யாண மண்டபத்தில் நகைப்பெட்டியைத் தூக்கப் போவார்கள். மூன்று பேருக்கும் திருடத் தெரியாது. போலீசுக்குப் பயப்படுவதைவிட வீட்டுக்காரிக்கு அதிகம் பயப்படுவார்கள். தையல்காரர் ஒளிந்துகொள்ளக் கட்டிலுக்கடியில் புகுந்து, அசந்து தூங்கி, குறட்டை விட்டு மாட்டிக்கொள்வார். அந்தப் படம் எங்கள் தியேட்டரில் ஐம்பது நாள் ஓடியது.

எங்கள் ஊரில் ஐம்பது நாள் என்பது சாதாரணமில்லை. பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற சனம் வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வாக இருக்கும். ஆலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கவுண்டரில் நீட்டுகிற விரல்களில், எவ்வளவு தேய்த்துக் குளித்திருந்தாலும், நகத்தடியில் அலுமினியப் பவுடர் மினுங்கும். கிழித்த டிக்கெட்டிலும் அது ஒட்டியிருக்கும். அந்தப் பெண்கள் இந்தப் படத்தை மூன்று தடவை, நாலு தடவை பார்த்தார்கள்.

அவர்களில் முத்துலட்சுமி என்று ஒரு பெண், நாரணாபுரம். தான் போகிற ஆபீஸ் வேனில் வருகிற பெண்களையெல்லாம் திரட்டிக் கூட்டி வருவாள். முதல் நாளே வந்து, இத்தனை சீட்டு ஒரே வரிசையில் வேண்டுமென்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள். அவள் புருசனும் பட்டாசு ஆபீசில்தான் வேலை பார்த்தான், வெடிமருந்து கலக்கிற ரூமில். அந்த ஐம்பது நாளில் புருசனும் பெண்டாட்டியுமாக நாலு தடவை வந்தார்கள். படம் போய் ஒரு வருஷத்துக்குள் அந்த ரூமில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த மூன்று பேரில் அவனும் ஒருவன். நான் துக்கத்துக்குப் போய்த் தெருவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அதன் பிறகு ரொம்ப நாள் அவள் தியேட்டர் பக்கம் வரவில்லை. பிறகு மெல்ல, மற்ற பெண்கள் இழுத்து வர, வர ஆரம்பித்தாள்.

மூன்று வருஷம் கழித்து அதே படத்தின் இரண்டாம் பாகம் தீபாவளிக்கு வந்தது.

தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்னாலேயே எங்கள் ஊரில் சீசன் முடிந்துவிடும். லோடு எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆறு மாதமாக நிமிர நேரமில்லாமல் வேலை பார்த்த சனம் போனஸ் வாங்கி, துணி எடுத்து, தீபாவளி அன்றைக்குத்தான் மூச்சு விடும். அந்த நாளில் வருகிற படத்துக்கு வேறு விளம்பரமே வேண்டாம். ஆனால் எனக்கு ஆசை விடவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டி வந்ததும், ஆபரேட்டர் பால்பாண்டி ரீல்களைக் கையால் சுற்றி, வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்துவிட்டுக் கீழே வந்தான். ரெண்டாம் பாதியில் நம்ம ஊர்ப் பட்டாசு ஆபீஸ் மாதிரி ஒரு செட் போட்டு எடுத்திருக்கிறார்கள், நாலு நிமிடம் இருக்கும் என்றான். அந்த ரீலை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாமா என்றும் கேட்டான். நான் நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் இருந்தது. முதல் பாகத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உடனே ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட்டு விளம்பரத் தட்டி எழுதச் சொன்னேன். 'நம்ம ஊர் பட்டாசு ஆபீஸ் திரையில்! நம்ம வேலையை நாமே பார்த்து மகிழ வாரீர்!' வாசகம் என்னுடையது. பஸ் ஸ்டாண்டில் ஒன்று, திருத்தங்கல் ரோட்டில் ஒன்று, நாரணாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் ஒன்று என்று மூன்று தட்டி. அந்த மூன்றாவது தட்டி எங்கே நிற்கப் போகிறது, யார் கண்ணில் படப் போகிறது என்று எனக்கு ஒரு விநாடிகூட யோசனை ஓடவில்லை.

காலைக் காட்சிக்கு முத்துலட்சுமி பதினாலு பெண்களோடு வந்தாள். எல்லோரும் புதுச்சேலை. என்னைப் பார்த்ததும், "தட்டியைப் பாத்துத்தான் கிளம்பினோம் அண்ணாச்சி. நாங்க பாக்குற வேலை படத்துல எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்ல," என்றாள். அவள் அப்படிச் சிரித்த முகமாகப் பேசி நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நடுவரிசையில் இடம் போட்டுக் கொடுத்தேன்.

படம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே மூன்று நடிகர்கள்தான். ஆனால் இப்போது அவர்கள் கருப்புக் கண்ணாடி போட்டு, கோட்டு மாட்டி, வெளிநாட்டில் வைரம் திருடுகிறார்கள். யாருக்கும் பயமில்லை. வீட்டுக்காரிகள் படத்திலேயே இல்லை. பயம் போனதும் சிரிப்பும் போய்விட்டது. அதை ஈடுகட்ட ஆளுக்கு ஆள் அறைவதும், வழுக்கி விழுவதும், சட்டி சாமான் உருளுவதும். சனம் முதல் பாகத்தை நினைத்துக்கொண்டு, இதோ சிரிப்பு வந்துவிடும் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தது. இடைவேளையில் யாரும் குறை சொல்லவில்லை. பட்டாசு ஆபீஸ் சீன் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

அந்த சீன் வந்தது. நான் பின்னால் கதவோரம் நின்றிருந்தேன்.

முதலில் செட்டைக் காட்டினார்கள். சின்னச் சின்ன ரூம், வாசலில் வாளியில் மணல், தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்கள். தியேட்டரில் கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். போலீஸ் துரத்தத் திருடர்கள் மூன்று பேரும் மருந்து ரூமுக்குள் புகுந்து ஒளிகிறார்கள். இருட்டாக இருக்கிறது என்று ஒருவர் தீக்குச்சி கிழிக்கிறார். ரூம் வெடிக்கிறது. கூரை பறக்கிறது. அடுத்தடுத்த ரூமெல்லாம் வரிசையாக வெடிக்கிறது, வேலை பார்த்தவர்கள் நாலா பக்கமும் காற்றில் பறக்கிறார்கள், பின்னால் நாதஸ்வரம் வாசிக்கிறது. புகை அடங்கினால், எல்லோரும் முகமெல்லாம் கரியாக, தலைமுடி குத்திட்டு நிற்க, கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு வரிசையாக எழுந்து நடந்து போகிறார்கள்.

குழந்தைகள் சிரிக்க ஆரம்பித்தன. பிறகு அம்மாமார் முகத்தைப் பார்த்துவிட்டு அவையும் நிறுத்திக்கொண்டன. மேலே பால்கனியில் ஒரு ஆள் மட்டும் சிரித்தார். அவர் விநியோகஸ்தர் மதுரையிலிருந்து அனுப்பியிருந்த பிரதிநிதி. அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அது காமெடி. மற்றபடி தியேட்டரில் ஃபேன் சுற்றுகிற சத்தம்தான் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

காட்சி முடிந்து கூட்டம் வெளியேறியதும் முத்துலட்சுமி என் ரூம் வாசலுக்கு வந்து நின்றாள். மற்ற பெண்கள் கேட்டருகே வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். அவள் கேட்டாள்.

"அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நடந்து போறாகளே அண்ணாச்சி. அது எப்படி?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது மாதிரி இருந்தது. கேட்டருகே வேன் ஹாரன் அடித்தது. "சரி, வாரேன்," என்று போய்விட்டாள்.

அடுத்த காட்சிக்கு ஏற்கெனவே வரிசை நின்றது. அந்த சீன் இடைவேளைக்குப் பிறகுதான் வரும். ஆக, நான் ஒரு முடிவுக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. முதலில் ஆள் அனுப்பி மூன்று தட்டிகளையும் இறக்கச் சொன்னேன். பிறகு மேலே போய்ப் பால்பாண்டியிடம், அந்த நாலு நிமிடத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

எடுக்கலாம், ஆனால் வைரம் கைமாறுவது அந்த சீனில்தான், எடுத்தால் கதை புரியாது என்றான் அவன். இருக்கும்போதும் புரியவில்லையே என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அக்கா மகளும் பட்டாசு ஆபீசுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

பிரதிநிதி பதறிப்போனார். கை வைக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது, தன் வேலை போய்விடும் என்றார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. மதுரைக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். விநியோகஸ்தர் கோபப்படவில்லை, கெஞ்சுகிற குரலில் பேசினார். எல்லா ஊரிலிருந்தும் படம் சரியில்லை என்று தகவல் வருகிறதாம்.

"அந்த ஒரு சீனுக்குத்தான் எல்லா ஊர்லயும் சிரிக்கிறாங்க. அதையும் எடுத்துட்டா படத்துல என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க," என்றார்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். விருதுநகரில் இருந்த முதலாளியைக் கேட்டிருக்க வேண்டும். அவர் வீட்டு நம்பர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. நான் போன் செய்யவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்: நான் துணிச்சலால் செய்யவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், அதன் பிறகு அந்த சீனை ஓட்ட வேண்டிவரும், அந்தப் பயத்தில் கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்து, 'என் பொறுப்பில் நானே வெட்டச் சொன்னேன், பிரதிநிதிக்கும் ஆபரேட்டருக்கும் இதில் சம்பந்தமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிரதிநிதியிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பால்பாண்டி வெட்டினான். வெட்டிய துண்டைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தான்.

மதியக் காட்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இளவட்டங்கள், திருத்தங்கல் பக்கமிருந்து பைக்கில் வந்தவர்கள். தட்டியைக் காலையிலேயே பார்த்திருந்தார்கள். திரையில் திருடர்கள் பட்டாசு ஆபீஸ் கேட்டுக்குள் ஓடி நுழைந்தார்கள். அடுத்த நொடி விமான நிலையத்தில் நின்றார்கள். ஒரு நிமிடம் எல்லோரும் குழம்பினார்கள். பிறகு விசில். சீட்டைத் தட்டுகிற சத்தம். ஏலே ஆபரேட்டரு, சீனை எங்கலே என்று நாலைந்து பக்கமிருந்து குரல் வந்தது.

பிரதிநிதி என் காதோரம் வந்து, ரீல் அறுந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் நம்பிவிடுவார்கள் என்றார். எத்தனையோ தடவை நானே சொல்லியிருக்கிற பொய்தான் அது. அன்றைக்கும் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் சாயங்காலக் காட்சிக்கு இன்னொரு பொய், நாளைக்கு ஒட்டியாச்சா என்று வந்து நிற்பவனுக்கு வேறொன்று. படத்தை நிறுத்தி விளக்குப் போடச் சொன்னேன். திரைக்குக் கீழே போய் நின்றேன்.

"பட்டாசு ஆபீஸ் சீனை எடுக்கச் சொன்னது நான்தான். படத்தைப் பாக்காமத் தட்டி வச்சதும் நான்தான். காலையில பாத்தேன். நம்ம சனம் உக்காந்து பாக்குற மாதிரி அது இல்ல. அதுக்குத்தான் வந்தோம்ங்கிறவுக கவுண்டருக்கு வாங்க, காசைத் திருப்பித் தாரேன்."

நான் எதிர்பார்த்தது இன்னும் பெரிய கூச்சல். அது வரவில்லை. கொஞ்ச நேரம் அவர்களுக்குள்ளே பேசிக்கொண்டார்கள். ஏழெட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். மற்றவர்கள் படத்தைப் போடச் சொல்லிவிட்டார்கள்.

கவுண்டரில் வந்து நின்றவர்களில் ஒருவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், அச்சாபீசில் வேலை என்று சொன்னான். காசைக் கொடுத்தேன், வாங்கவில்லை. "காலையில எங்க அம்மா வந்துச்சு. வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசாமப் படுத்துருச்சு, சோறுகூடப் பொங்கல. என்ன படம்னு பாக்கத்தான் வந்தேன்," என்றான். என்ன சீன் என்று கேட்டான். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு பைக்கை எடுத்துப் போனான்.

அவன் போன பிறகுதான் எனக்கு முழுசாக உறைத்தது. காலைக் காட்சியில் எழுநூறு பேருக்கு மேல் அந்த சீனைப் பார்த்திருக்கிறார்கள். அந்த எழுநூறு பேரையும் தட்டி வைத்து அழைத்தவன் நான். நான் வெட்டியது அடுத்து வருகிறவர்களுக்காக. வந்துபோனவர்களுக்கு நான் எதையும் வெட்டவில்லை.

மறுநாள் முதலாளி வரச் சொன்னார். பஸ் ஏறி விருதுநகர் போனேன். அவர் குடும்பத்துக்கே இரண்டு பட்டாசு ஆபீஸ் உண்டு. அவர் என்ன சொல்வாரென்று என்னால் ஊகிக்க முடியவில்லை. உட்காரச் சொன்னார், காபி வந்தது. "கேட்டிருக்கணும்ல," என்றார். தப்புதான் என்றேன். "கேட்டிருந்தா வெட்டாதேன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். அது தெரியும் என்றேன். கடைசியில், படம் போகும்போது அந்தத் துண்டை ஒழுங்காக ஒட்டிக் கொடுத்துவிடச் சொன்னார். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை.

படம் எட்டு நாளில் போனது. மற்ற ஊர்களிலும் அதற்கு மேல் ஓடவில்லை. பால்பாண்டி துண்டை ஒட்டுத் தெரியாமல் ஒட்டிப் பெட்டியில் வைத்தான். அந்த விநியோகஸ்தர் பொங்கலுக்கு எங்களுக்குப் படம் கொடுக்கவில்லை. ஊரெல்லாம் புதுப்படம் ஓட, நாங்கள் பழைய படம் போட்டோம். தியேட்டர் சம்பளக்காரர்கள் பத்துப் பேருக்கு அந்தப் பொங்கல் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. நான் கையெழுத்துப் போட்டது என் பெயரில், பாதிப்பு எல்லோருக்கும். இதையும் சேர்த்துத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

தீபாவளி முடிந்து நாலாம் நாள் நான் நாரணாபுரம் போனேன். ஆபீஸ்கள் இன்னும் திறக்கவில்லை. முத்துலட்சுமி வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

சொல்ல வேண்டியதை யோசித்து வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். தட்டி வைத்தது என் தப்பு, பார்க்காமல் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மதியமே எடுத்துவிட்டார்கள் என்று வேனில் வருகிற பெண்கள் சொன்னதாகச் சொன்னாள். காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

குடித்துவிட்டு எழப் போனபோது, சம்பந்தமில்லாமல் முதல் படத்தைப் பற்றி ஆரம்பித்தாள். கட்டிலுக்கடியில் தையல்காரர் தூங்குகிற சீன். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் புருசன் வீட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக் குறட்டை விட்டுக் காட்டினானாம். பெரிய ஆள், உள்ளே போனவனால் வெளியே வர முடியவில்லை. கடைசியில் அக்கம்பக்கத்தார் வந்து கட்டிலைத் தூக்கினார்களாம். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெங்காயமா, சிரிப்பா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது.

தெருமுனை வரை கூடவே வந்தாள். நான் வண்டியை எடுக்கும்போது கேட்டாள், "மூணாம் பாகம்னு ஒண்ணு எடுப்பாகளா அண்ணாச்சி?"

எடுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன், ஒருவேளை எடுத்தாலும் எடுப்பார்கள் என்றேன்.

"எடுத்தா நீங்க முதல்ல உக்காந்து பாத்துருங்க. பாத்துட்டு எங்களுக்குச் சொல்லி விடுங்க. நல்லா இருந்தா வாரோம்."